பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பைலட் ஆகலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவில் ஊருக்கு வந்தால், காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் யாராவது ஒரு தம்பி வந்து நின்றுவிடுகிறான். "அண்ணா, பைலட் ஆகணும்னா என்ன பண்ணணும்?" அடுத்த நாள் அவன் அப்பா வருகிறார். அதற்கடுத்த நாள் யாரோ ஒரு டீச்சர் போன் செய்கிறார். கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றேதான் என்பதால் எழுதியே வைத்துவிட்டேன். நான் தர்மபுரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். இப்போது ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்தில் துணை விமானி.

பைலட் ஆக பி.எஸ்சி. தேவையா? மூன்று வருடம் வீண்தானே?

சட்டப்படி எந்தப் பட்டமும் தேவையில்லை. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமானால் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம், தரும் வணிக விமானி உரிமம் வேண்டும். எல்லோரும் சிபிஎல் என்பார்கள். அதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனாலும் வீண் என்று சொல்லமாட்டேன். மெடிக்கல் பரிசோதனையில் ஒரு சின்னக் குறையால் வெளியே அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உரிமம் வாங்கிவிட்டு இரண்டு, மூன்று வருடம் வேலைக்குக் காத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு பட்டம் இருந்தவர்கள் அந்த நாட்களை ஏதோ ஒரு வேலையில் இருந்து சமாளித்தார்கள். இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம். அதோடு, பட்டம் இருந்தால் மட்டுமே திறக்கிற கதவுகள் இரண்டு உண்டு. அவற்றைக் கீழே சொல்கிறேன்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'பி.எஸ்சி. ஏவியேஷன்' என்று பெயர் வைத்த படிப்பில் சேர்ந்தால் பைலட் ஆகிவிடலாம் என்று நினைத்துச் சேருகிறார்கள். உரிமத்தை டிஜிசிஏ தருகிறது, பல்கலைக்கழகம் தருவதில்லை. அந்தப் படிப்போடு பறக்கும் பயிற்சியும் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப். இப்போது பி.எஸ்சி. விலங்கியல். எனக்கு வழி உண்டா?

உண்டு. உங்களிடம் இல்லாதது பிளஸ் டூ கணிதம் மட்டும்தான். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், கணிதத்தைத் தனிப்பாடமாக எழுதித் தேறலாம். காமர்ஸ் குரூப் எடுத்தவர்கள் இயற்பியலையும் சேர்த்து எழுத வேண்டும். கல்லூரிப் படிப்போடு சேர்த்தே இதை முடித்துவிடலாம்.

முதல் வேலையாக எதைச் செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். செலவு குறைந்ததை முதலில் செய்யுங்கள், செலவு கூடியதைக் கடைசியில் செய்யுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. நிலத்தை விற்று ஃபிளையிங் ஸ்கூலில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் மெடிக்கலுக்குப் போகிறார்கள்.

முதலில் மெடிக்கல். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் கிளாஸ் 2 என்ற முதல்கட்டப் பரிசோதனை. சில ஆயிரம் ரூபாயில் முடியும். அது சரியானதும் காத்திருக்காமல், சிபிஎல்லுக்குத் தேவையான கிளாஸ் 1 பரிசோதனைக்குப் பதிவு செய்யுங்கள். நமக்கு அருகில் பெங்களூரு பழைய ஏர்போர்ட் ரோட்டில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. காலையில் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் போதும். ரத்தம், இசிஜி, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், காது, கண் எல்லாம் பார்ப்பார்கள்.

கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும். நிறக்குருடு வேறு விஷயம். புள்ளி புள்ளியாக வண்ணங்கள் நிரம்பிய வட்டத்தைக் காட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்பார்கள். என்னோடு வரிசையில் நின்ற ஒரு பையன், சேலம் பக்கம், அந்தப் புத்தகத்தின் மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டான். அவனுக்கு 21 வயது. தனக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்பதே அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. நல்லவேளை, அவன் இன்னும் எங்கேயும் பணம் கட்டியிருக்கவில்லை.

சான்றிதழ் வேலைகளில் கவனிக்க வேண்டியது?

இனிஷியல். சிரிக்காதீர்கள். மார்க் ஷீட்டில் 'மு. கார்த்திக்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுதாகச் சேர்த்து எழுதியிருப்பார்கள். ஆதாரில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். டிஜிசிஏ தேர்வு எழுத கம்ப்யூட்டர் நம்பர் என்று ஒன்று வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு இதிலேயே நான்கு மாதம் போனது. பிளஸ் டூ சான்றிதழ் உண்மையானதுதான் என்று சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் சான்று வாங்குவதும் இந்தக் கட்டத்தில்தான் வரும். கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே இவற்றை முடித்துவிடுங்கள்.

தேர்வுகள் கஷ்டமா? நான் தமிழ் மீடியம்.

விமானம் செலுத்தும் வழி கணக்கிடுதல், வானிலை, விமானச் சட்ட விதிகள், விமானத் தொழில்நுட்பம் பொது, குறிப்பிட்ட விமானத்துக்கான தொழில்நுட்பம் என்று தாள்கள். தேற 70 மதிப்பெண் வேண்டும். 35 எடுத்தால் பாஸ் என்று பழகிய நமக்கு முதலில் தூக்கிவாரிப் போடும். இவை போக, ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி. எல்லாமே ஆங்கிலத்தில்தான்.

நானும் தமிழ் மீடியம்தான். தேர்வு ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் 500, 600 சொற்கள் பிடிபட்டால் போதும். ரேடியோ ஆங்கிலம் இன்னும் சுலபம், சொல்ல வேண்டிய வாக்கியங்களே அளந்து வைத்தவை. அதில் 'த்ரீ' என்று சொல்லக்கூடாது, 'ட்ரீ' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஃபைவ்' அங்கே 'ஃபைஃப்', 'நைன்' அங்கே 'நைனர்'. இரைச்சலில் ஒரு எண் இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக உலகம் முழுக்க வைத்திருக்கிற ஏற்பாடு இது. பள்ளிக்கூடத்தில் 'ட்ரீ' என்று சொல்லித் தலையில் குட்டு வாங்கியவனுக்கு, வகுப்பில் அதைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் பேச்சு ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலப் புலமைத் தேர்வு ஒன்று உண்டு, ஆறு நிலைகளில் நான்காவதையாவது தொட வேண்டும். விமான நிறுவன நேர்காணல் அதைவிடக் கடுமை. தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் படிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

கல்லூரியில் படித்த அறிவியல் நிஜமாகவே விமானத்தில் பயன்படுகிறதா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானே சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஜக்கூர் தெரியும் அல்லவா, பெங்களூருக்கு வடக்கே, அரசு விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கும் இடம். அந்த ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. திட்ட வளிமண்டலம் என்று கணக்குக்காக வைத்திருக்கிற அளவுகோலில் கடல் மட்ட வெப்பம் 15 டிகிரி, ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும். அப்படியானால் 3,000 அடியில் 9 டிகிரிதான் இருக்க வேண்டும். ஏப்ரல் மாதம் மத்தியானம் அங்கே 35 டிகிரி. 26 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 3,000 அடியில் நிற்கிற விமானம், காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவரை 6,000 அடிக்கு மேலே நிற்கிறது. ஏற்காடு 5,000 அடியை ஒட்டித்தான். அதாவது ஏற்காட்டைவிட உயரமான ஒரு மலையில் ஓடுபாதை போட்டு அதில் ஓடுவது போல. இறக்கைக்குத் தூக்குவிசை குறைவு, எஞ்சினுக்கு மூச்சு குறைவு, தரையை விட்டு எழும்ப இன்னும் நீளமாக ஓட வேண்டும். முதல் வருடம் படித்த வாயுச் சமன்பாடுதான் இது. மற்ற மாணவர்கள் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு அது தானாகப் புரிந்தது.

இன்னொன்று. ஒரு பாகை திசை தப்பினால் 60 நாட்டிகல் மைலுக்கு ஒரு நாட்டிகல் மைல் விலகிப் போவோம். வட்டத்தின் சுற்றளவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், வரும். 60 நாட்டிகல் மைல் என்பது 111 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு. புறப்படும்போது ஒரு பாகை தப்பியவன் பெங்களூரை நெருங்கும்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பான். பத்துப் பாகை தப்பியவன் எங்கே இருப்பான் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இது இன்றும் மனக்கணக்காகப் பயன்படுகிறது.

முதல் தனிப்பறப்பு பற்றியும் கேட்பார்கள். அன்றைக்கு என் பயிற்சியாளர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கி, பெல்ட்டை இருக்கையில் மாட்டி, ஒன்றுமே சொல்லாமல் நடந்து போனார். பயம் எல்லாம் அப்புறம்தான். முதலில் உடம்புக்குத் தெரிந்தது எடை. அவர் 80 கிலோவுக்குக் குறையமாட்டார். வழக்கமாகத் தரையை விடும் இடத்துக்கு முன்னாலேயே எங்கள் செஸ்னா பயிற்சி விமானம் எழும்பிவிட்டது.

எங்கே பயிற்சி எடுப்பது? எத்தனை மாதம் ஆகும்?

சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக இருக்க வேண்டும். 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணம், இரவுப் பறப்பு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது. நுழைவுத் தேர்வில் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், பொது அறிவு, ரீசனிங் கேட்பார்கள். பி.எஸ்சி. மாணவர்கள் இதை முயன்றே ஆக வேண்டும் என்பேன். தனியார் பள்ளிகள் நாடு முழுவதும் உண்டு.

விளம்பரத்தில் 12 மாதம், 14 மாதம் என்று போடுவார்கள். எனக்கு 27 மாதம் ஆனது. நான் சேர்ந்த பள்ளியில் நான்கு விமானங்கள் இருந்தன, பெரும்பாலான நாட்களில் பறக்கும் நிலையில் இருந்தது ஒன்றுதான். ஒரு உதிரிபாகத்துக்காக ஒரு விமானம் ஐந்து மாதம் ஷெட்டில் நின்றது. நடுவில் பயிற்சியாளர் ஒருவர் விமான நிறுவனத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் மழைக்காலம். கட்டிய பணம் கட்டியதுதான், அறை வாடகையும் சாப்பாடும் ஓடிக்கொண்டே இருந்தன.

அதனால் ஒரு யோசனை. பள்ளியைப் பார்க்கப் போனால் அலுவலகத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். மெஸ்ஸுக்குப் போய் ஒரு மாணவனிடம், "போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாய்?" என்று கேளுங்கள். ஒரு வருடத்தில் முடிய வேண்டும் என்றால் மாதம் 16, 17 மணி நேரம் வர வேண்டும். அவன் "ஆறு" என்று சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். பணத்தையும் ஒரே தவணையாகக் கட்டாதீர்கள்.

வெளிநாட்டில் பயிற்சி வேகமாக முடியும் என்பது உண்மை. ஆனால் அந்த உரிமத்தை இங்கே மாற்ற, டிஜிசிஏ தேர்வுகளை எழுதித்தான் தீர வேண்டும்.

மொத்தம் எவ்வளவு பணம்? மாந்தோப்பை விற்றால் போதுமா?

இந்தியாவில் பயிற்சிக்கு 50 லட்சத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு முடியவில்லை. சிபிஎல் கையில் இருந்தாலும் ஏர்பஸ்ஸையோ ஏடிஆரையோ ஓட்ட அந்த வகை விமானத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். டைப் ரேட்டிங் என்பார்கள். பெரும்பாலும் நம் செலவுதான், அது 15, 20 லட்சம். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் எல்லாம் சேர்ந்தே வரும், தொகை ஒரு கோடியைத் தொடும்.

கடன் கேட்டுப் போனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு இடத்தில் முட்டும். அப்பா பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனார். மேனேஜர் நல்ல மனிதர்தான். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "ஐயா, இது விவசாய நிலம். டவுனில் வீடோ மனையோ இருக்கிறதா?" என்றார். கடன் கட்டாவிட்டால் அடமானத்தை நீதிமன்றம் போகாமலே எடுத்துக்கொள்ள வங்கிக்கு உதவும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் வங்கிகள் தயங்கும். எங்கள் பட்டா தாத்தா பெயரிலேயே வேறு இருந்தது. கடைசியில் தர்மபுரியில் இருக்கும் என் மாமா வீட்டை வைத்துத்தான் கடன் கிடைத்தது. இன்றைக்கும் அத்தை முன்னால் நான் சத்தமாகப் பேசமாட்டேன்.

ஒரு கணக்கு. 80 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 12 வருடம் என்றால் மாதத் தவணை ஒரு லட்சத்தைத் தாண்டும். வேலை கிடைத்த பிறகு அது பெரிய விஷயமில்லை. கிடைக்கும் வரை? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அப்படி ஒன்று நடந்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வேலை தேடி வருவார்கள். 200 மணி நேரக்காரனை யார் பார்ப்பார்கள்? பெங்களூரா மாங்காய் விலை மாதிரிதான் இதுவும், ஒரு வருடம் லாரி லாரியாக எடுப்பார்கள், ஒரு வருடம் மரத்திலேயே விட்டுவிட வேண்டியதுதான். வேலை இல்லாத ஒன்றரை வருடத்துக்கும் தவணை கட்ட வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். தோப்பு முழுவதையும் விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், என் பதில் 'வேண்டாம்'.

பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சிபிஎல் பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது. ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் மொத்தச் செலவும் அதில் அடங்கிவிடாது.

பணமே இல்லாமல் வழி இருக்கிறதா?

மேலே சொன்ன இரண்டு கதவுகள் இவைதான்.

ஒன்று விமானப்படை. ஆண்டுக்கு இரண்டு முறை ஏஎஃப்கேட் தேர்வு நடக்கும். பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் தலா 50 சதவீதம், பட்டத்தில் 60 சதவீதம், வயது 20 முதல் 24. தேர்வானால் அவர்களே சம்பளம் கொடுத்துப் பறக்கச் சொல்லித் தருகிறார்கள். குறுகிய காலப் பணி என்பது 14 வருடம். அதற்கு அப்புறம் விமான நிறுவனத்துக்கு வந்தவர்கள் நிறையப் பேர். நேர்முகத் தேர்வு வாரியம் நமக்குப் பக்கத்தில் மைசூரில் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டரில் ஒரு விமானித் திறன் தேர்வு வைப்பார்கள், அதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். விளையாட்டாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போகாதீர்கள்.

இன்னொன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. இந்திய விமான நிலைய ஆணையம் ஆளெடுக்கும்போது, இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் 27 வயது வரை விண்ணப்பிக்கலாம். கோபுரத்தில் உட்கார்ந்து எங்களையெல்லாம் வழிநடத்துகிற வேலை. நான் பி.எஸ்சி. படித்தபோது இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன், மாமா வீடும் தப்பியிருக்கும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்புங்கள். இந்தியாவில் விமானிகளில் பெண்கள் 15 சதவீதம் அளவுக்கு இருக்கிறார்கள், உலகச் சராசரியைவிட அது ஏறக்குறைய மூன்று மடங்கு. மெடிக்கல், தேர்வு, மணி நேரம் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றே. "ராத்திரி டியூட்டி இருக்குமே?" என்று கேட்கிறார்கள். இருக்கும், பையனுக்கும் இருக்கும்.

ஓசூரில் ஏர்போர்ட் வந்தால் நமக்கு வேலை சுலபமா?

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்று 2024 ஜூனில் தமிழக அரசு சட்டப்பேரவையில் அறிவித்தது. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. வந்தால் சரக்கு, ஓட்டல், டாக்சி என்று ஊருக்கு நல்லது. பைலட் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நிறுவனம் ஆளெடுத்து எந்த ஊரில் போடுகிறதோ அங்கே போய் இருக்க வேண்டியதுதான்.

கேப்டன் ஆக எத்தனை வருடம்?

1,500 மணி நேரம் பறந்து அடுத்த உரிமமான ஏடிபிஎல் வாங்க வேண்டும். அதற்கு மேல் நிறுவனத்தில் இடம் காலியாக வேண்டும். ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கச் சட்டம் விடாது. நல்ல காலமாக இருந்தால் ஐந்தாறு வருடம், இல்லாவிட்டால் இன்னும் கூட.

மேலே இருந்து நம் ஊர் தெரியுமா?

அம்மா கேட்ட கேள்வி. பெங்களூரிலிருந்து தெற்கே போகும்போது தெரியும். பகலில் கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரை வைத்துக் கண்டுபிடிக்கலாம், அங்கிருந்து கண்ணைத் தெற்கே நகர்த்தினால் காரிமங்கலம். இரவில் நெடுஞ்சாலையில் லாரி விளக்குகள் ஒரு கோடாக வந்து, தொப்பூர் கணவாயில் வளைந்து வளைந்து இறங்கும். ஆனால் சேலத்துக்குப் போகிற நாளில் சரியாக அந்த நேரத்தில்தான் இறங்குவதற்கான செக்லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். நான் நிதானமாகப் பார்த்தது இரண்டு தடவைதான்.